வெளிப்பூச்சுக்கு மட்டும்

மருந்துச் சன்னலுக்குப் பின்னால் ஏறக்குறைய முப்பது வருடம் நின்றவன் நான். சொன்னதைச் சொன்னபடியே செய்த நோயாளி என்று அத்தனை வருடத்தில் ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். மற்றவர்கள் மூன்று வேளை மாத்திரையை ஒரே வேளையில் விழுங்கினார்கள். பிள்ளைக்குக் கொடுத்த இருமல் மருந்தை மாமனாருக்கும் ஊற்றினார்கள். காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்குப் பத்திரப்படுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். பாசாரில் என்னைக் கண்டால் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு நலம் விசாரிக்கிறார்கள்.

சொன்னபடி செய்தவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய ஓர் அக்கா. பெயரை எழுதப் போவதில்லை. நோயாளியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஒரு விதியையும் மீறாமல் ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கதைக்கும் அதுதான் காரணம்.

எங்கள் கிளினிக் மலாக்கா நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே, ஒரு சின்ன டவுனில் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுற்றிலும் இன்னும் மூன்று தோட்டங்கள் மிச்சமிருந்தன. அக்கா வெட்டிய பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, குளித்து, பதினோரு மணி பஸ்ஸில் வருவார். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும், எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. முழுக்கைச் சட்டை, கைலி, தோளில் ஒரு துண்டு. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத ரப்பர் பால் வாடை.

மருந்தை நான் நீட்டினால் உடனே வாங்க மாட்டார். முதலில் கைப்பையைக் கீழே வைப்பார். இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு என் வாயையே பார்ப்பார்.

"இப்பச் சொல்லுங்க தம்பி."

நான் சொல்வேன். சொல்லி முடித்ததும், தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன அந்தப் படிப்பின் ராகத்தில், ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வார். நான் தலையாட்டிய பிறகுதான் கை நீளும். பின்னால் நிற்கும் வரிசை முனகும். நான் கண்டுகொள்ள மாட்டேன். என் பேச்சை யாரும் திருப்பிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டிலும்தான்.

ஒருமுறை காலில் சீழ் வைத்த புண்ணுக்கு மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வெட்டுக்காட்டில் ஒன்பது மணிக்குத்தான் பசியாறுவார்கள். அப்படியானால் எட்டு மணிக்குப் போட வேண்டும். அக்காவிடம் கடிகாரம் கிடையாது. மரத்துக்கு மரம் ஓடி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் அவர் மணி கேட்கக் கேட்க, மூன்றாம் நாள் அந்த ஆள் பொறுக்க முடியாமல் கைக்கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டானாம். மாத்திரை முடிந்த அன்று அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாராம். இதைச் சொன்னது அவருடைய நாத்தனார். அக்கா எங்கே போனாலும் கூடவே வரும் அந்தம்மாவுக்கு வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு இருந்தது.

இறால் கதையையும் நாத்தனார்தான் சொன்னார். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பில், முழங்கால் பின்புறம், கைலி முடிச்சு உராயும் இடுப்பில், கொஞ்சம் கழுத்திலும் கண்ணிமையிலும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஒருவர், எனக்கு முந்திய காலத்து ஆள், 'நான் சொல்ற வரைக்கும் இறால் தொடாதே' என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் பிறகு மாரடைப்பில் போய்விட்டார்.

"உம்பாய் கடலோர மீன் கடைக்குப் போனோம்ணே, மருமவன் பரிச்சையில பாசானதுக்கு. மேச முழுக்க இறாலு, நண்டு, சுட்ட மீனு. இவங்க பார்லி தண்ணிய வச்சிக்கிட்டு எங்க வாயப் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஏன் அண்ணி திங்கலன்னா, டிரெசரு இன்னும் சொல்லலையாம். அந்த மனுசன் செத்துப் பத்து வருசமாச்சு. சுடுகாட்டுலேருந்து வந்து சொல்லுவாராலா?"

அக்கா சிரித்தார். "வேற யாராச்சும் திங்கலாம்னு சொன்னா திம்பேன். யாரும் சொல்லலையே."

நான் சொல்லியிருக்கலாம். இறாலுக்கும் அவர் கரப்பானுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அது மருந்துச் சன்னலின் வேலை அல்ல என்று பேசாமல் இருந்தேன். என் அதிகாரத்தின் எல்லை எனக்கு எப்போதும் துல்லியமாகத் தெரியும்.

கரப்பானுக்கு முதல் களிம்பு எழுதப்பட்டது அந்த வருடம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் இளம் டாக்டர்களில் ஒருவர் அக்காவின் சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு களிம்பு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று எழுதினார். எங்கே என்று எழுதவில்லை. குழாயில் ஒட்டும் சீட்டில் எத்தனை தடவை என்பதற்கு ஒரு கோடு உண்டு. எங்கே என்பதற்குக் கோடு கிடையாது. அச்சடித்தவன் அதை வீண் மை என்று நினைத்திருப்பான். அடியில் மட்டும் சிவப்பெழுத்தில், வெளி உபயோகத்துக்கு மட்டும் என்று மலாயில் போட்டிருக்கும். 'லுவார்' என்ற அந்தச் சொல்லை அக்காவும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். வெளியே என்று அவருக்குத் தெரியும்.

நான் வழக்கமான வாசகத்தைச் சொன்னேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லித் தேய்ந்த வாசகம்.

"மெல்லிசாத் தடவணும்க்கா. ஆள்காட்டி வெரலு நுனியிலேருந்து மொதக் கோடு வரைக்கும் பிதுக்குனா, ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வெளிய மட்டுந்தான். உள்ளுக்குப் போகக் கூடாது."

"வெளிய மட்டுந்தான். உள்ளுக்குப் போகக் கூடாது," என்றார் அக்கா. நான் தலையாட்டினேன். கை நீண்டது.

மருந்து கொடுப்பதற்கு ஐந்து சரிகள் உண்டு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி. ஐந்தையும் மனத்துக்குள் சரிபார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தை இன்று எவர் எடுத்துப் பார்த்தாலும் ஒரு குறை காண முடியாது.

அடுத்த தடவை வந்தபோது காலிக் குழாயைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, கடைசித் துளிவரை பிதுக்கியிருந்தார். அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. புக்கிட் ரம்பாயில் ஒரு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி அப்போது வந்துகொண்டிருந்தாள். பத்திரிகையில் எதையோ படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நம்பியவள். இரண்டு நாள் பூசுவாள், அரிப்பு அடங்கியதும் பயந்து நிறுத்துவாள், மறுவாரம் கை வெடித்து ரத்தத்தோடு வருவாள். சரியான இடத்தில், சரியான தரத்தில், சொன்ன காலம்வரை பூசினால் அதைப்போல நல்ல மருந்து இல்லையம்மா என்று அவளிடம் தொண்டை வறளப் பேசுவேன். எதிர்பக்கம் இன்னொரு கூட்டம். கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத குழாயை வாங்கி, படைக்கும் தேமலுக்கும் பருவுக்கும் பிள்ளையின் இடுக்குப் புண்ணுக்கும் ஒன்றையே அப்புகிறவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், சுருட்டிய குழாயோடு நின்ற அக்கா எனக்கு ஒரு பரிசுபோல் தெரிந்தார்.

ஆனால் கரப்பான் மட்டும் குறையவில்லை. புது டாக்டர் வந்தார். சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தார். தடித்துக் கறுத்துக் கிடந்த முழங்கை மடிப்பைக் கண்டு, மருந்து போதவில்லை என்று ஒரு படி ஏற்றி எழுதினார். அடுத்தவர் வந்து இன்னொரு படி ஏற்றினார். அந்தக் களிம்புகளில் நான்கு தரம் உண்டு. லேசானது, நடுத்தரம், வீரியமானது, மிக வீரியமானது. முழங்கை மடிப்பில் தோல் அப்படித் தடித்துவிட்டால் வீரியமானது தேவைதான், கொஞ்ச நாளைக்கு. முகத்துக்கும் இமைக்கும் தோல் மெல்லிசு. அங்கே லேசானது போதும், அதுவும் டாக்டர் சொல்லி, சில நாள். இது அந்த டாக்டர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டு வருடம் போயிருக்கும். அக்காவின் முகம் மாறியிருந்தது. வெயிலில் காய்ந்து கறுத்த முகம் தெளிந்து, வெளுத்து, கன்னத்தில் ஒரு சிவப்பு ஏறியிருந்தது. நாத்தனார்தான் அதைப் பெரிதாகப் பேசினார்.

"அண்ணே, அந்த மருந்துல எனக்கும் ஒண்ணு குடுங்கலா. எங்கண்ணி மொகத்தப் பாருங்க, கல்யாணப் பொண்ணாட்டம். பேரன் எடுக்கிற வயசுல இவங்களுக்கு எதுக்கு?"

"ஒங்களுக்கு என்ன சீக்கு?" என்றேன்.

"சீக்கு இருந்தாத்தான் குடுப்பீங்களோ? நாளைக்கே சொறிஞ்சிக்கிட்டு வரேன்."

அக்கா குறுக்கே வந்தார். "அதுல எம் பேரு போட்டிருக்கு. பேரு இல்லாதவங்க பூசக் கூடாது. தம்பி சொல்லியிருக்காரு."

"பாத்தீங்களா? வூட்டுலயும் இதான். லயத்துல பக்கத்து வூட்டு ஆளுங்க அஞ்சாறு பேரு கேட்டாச்சு. ஒரு பொட்டுக் குடுக்கல. புருசனுக்கே காட்டாம அலமாரியில பூட்டி வச்சிருக்காங்க."

நான் அக்காவைப் பாராட்டினேன். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் பூசக் கூடாது, ரொம்ப சரி என்றேன். முழங்கையில் பூசும் களிம்பால் கன்னம் ஏன் வெளுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருக்க வேண்டும். கை தட்டி அழைத்திருந்தால் வந்திருக்கும். வரிசை நீளமாக இருந்தது.

பிறகு கைகள். புறங்கைத் தோல் வெங்காயச் சருகுபோல் ஆகி, நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியது. நான் அந்தத் திட்டுகளைப் பார்த்து, புருசன் அடிக்கிறான் என்று முடிவு கட்டினேன். இதற்கான படிவம் எது, யாருக்கு அனுப்ப வேண்டும் என்றுகூட யோசித்தேன். அந்த மனுஷர் ஒருநாள் அக்காவுக்குப் பதிலாக மருந்து வாங்க வந்தார். ஒல்லியான, குரல் எழும்பாத ஆள். "அவ எப்படிச் சொல்லச் சொன்னாளோ அப்படியே சொல்லணும்னு சொன்னா," என்று ஆரம்பித்து, பாதியில் மறந்து, பயந்து போய் நின்றார். இவர் அடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அதோடு அந்த யோசனையை மூடிவிட்டேன். வேறு யோசனையைத் திறக்கவில்லை.

கண் பற்றி அக்கா என்னிடம்தான் முதலில் சொன்னார்.

"பல்ப பாத்தா சுத்தி வளையம் வளையமாத் தெரியுது தம்பி. கல்யாண வூட்டு சோடனை லைட்டு மாதிரி."

"வயசாகுதுல்லக்கா. கண்ணாடி போடணும்."

அடுத்த மாதம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து காட்டினார். லீவு எடுத்து மலாக்கா டவுன்வரை போய் வாங்கியிருந்தார்.

"நல்லாத் தெரியுதாக்கா?"

"நீங்க போடச் சொன்னீங்க. போட்டுட்டேன்."

அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கண்ணாடியோடு ஏழெட்டு மாதம் போயிற்று.

பால் வெட்டுவது கத்தி பிடிக்கத் தெரிந்த எல்லோருக்கும் வரும் காரியம் இல்லை. விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையை மட்டும் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயப்படும், காயம்பட்ட இடத்தில் முண்டு விழும், பிறகு அந்தப் பக்கம் வெட்ட முடியாது. அக்காவின் மரங்கள் வழவழவென்று இருக்கும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியே சொல்வார். அந்த அக்கா ஒருநாள் சன்னலுக்கு முன்னால் மருந்தை வாங்காமலே நின்றார்.

"மரத்துக்குக் காயம் படுது தம்பி. முப்பது வருசத்துல ஒரு மரத்துக்கும் படல. நேத்து மட்டும் ஒம்பது மரம். மண்டோரு ஒண்ணும் சொல்லல. சொல்லாததுதான் தம்பி பயமா இருக்கு."

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அந்த மாதம் ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். சிரம்பான் பக்கத்துத் தமிழ்ப் பெண், முதல் வேலை. நான் அக்காவின் நோயாளி அட்டையை எடுத்துக்கொண்டு போய், கண் தெரியவில்லையாம், தோலையும் பாருங்கள் என்று வைத்தேன். நான் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் அது. மற்றவர்கள் சட்டைக் கையை ஏற்றிப் பார்த்ததோடு விட்டார்கள். இந்தப் பெண் திரையை இழுத்துவிட்டு, கைலியைத் தளர்த்தச் சொல்லி இடுப்பைப் பார்த்தார், முழங்கால் பின்புறம் பார்த்தார், கடைசியில் வெளிச்சத்துக்காக அறைச் சன்னலோரம் அழைத்துவந்து முகத்தைப் பார்த்தார். பிறகு பலகைச் சுவர் வழியாகக் கேட்டது.

"இந்த இடுப்புல மருந்து பட்டதே இல்லையேம்மா. எங்க பூசறீங்க?"

அக்கா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. "மொகத்துலயா?" என்ற டாக்டரின் குரல் கேட்டது. "கண்ணைச் சுத்தியுமா? எத்தன வருசமா?"

முகத்துக்குப் பூசுவதை நிறுத்தவும், கண்ணுக்கு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா சன்னலுக்கு வந்தார். அப்போது பின்னால் வரிசை இல்லை.

"ஏங்க்கா இடுப்புல பூசல? கை மடிப்புல பூசல?" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. கோபம் வர எனக்கு உரிமை இருப்பதாக நினைத்தேன்.

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அதெல்லாம் உள்ளுக்கு இல்லையா தம்பி? சட்டைக்குள்ள, கைலிக்குள்ள. வெளிய மட்டுந்தான், உள்ளுக்குப் போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. மொகம், கழுத்து, கை. வெளிய தெரியற எடத்துல மட்டுந்தான் பூசுனேன். உள்ளுக்கு ஒரு தடவகூட விடல. அரிப்பு தாங்காம அழுதிருக்கேன், அப்பவும் விடல."

வாய்க்குள் போகக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். விழுங்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். வயிற்றுக்கு என்றால் மாத்திரை, தோலுக்கு என்றால் களிம்பு என்று சொல்லியிருக்கலாம். தமிழில் வழி இல்லாமலா போயிற்று? நான்கு வருடம் மாதா மாதம் அவர் அதே வாசகத்தை எனக்குத் திருப்பிச் சொன்னார். மாதா மாதம் நான் தலையாட்டினேன்.

கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கண்ணில் அநேகமாக ஒன்றுமில்லை. இடது கண்ணில் நேரே இருப்பது மட்டும் மங்கலாகத் தெரியும், ஓரங்கள் போய்விட்டன. போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து விட வேண்டும். களிம்பை நிறுத்தியதும் முகம் பழிவாங்கியது. வாரக்கணக்கில் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து, வீங்கி, கொப்புளித்தது. நாத்தனார் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த மருந்து விஷம், குப்பையில போடுங்க என்று கூடியிருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஃபேக்டரிப் பெண் அதைக் கேட்டுவிட்டுக் களிம்பே வாங்காமல் போனாள்.

அக்கா குப்பையில் போடவில்லை. அதே களிம்பை இடுப்பிலும் கை மடிப்பிலும் கால் மடிப்பிலும் மட்டும், இரண்டு வாரம், பிறகு படிப்படியாகக் குறைத்து, பிறகு வெறும் ஈரப்பசைக் களிம்பு என்று டாக்டரம்மா தொட்டுத் தொட்டுக் காட்டியிருந்தார். அக்கா அப்படியே செய்தார். ஐம்பது வருடத்துக் கரப்பான் இரண்டே வாரத்தில் அடங்கியது. "தூங்கறேன் தம்பி," என்றார் என்னிடம். "ராத்திரி சொறியாமத் தூங்கறது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது." அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் களிம்பு கொடுக்கும் ஒவ்வொருவரையும், எங்கே பூசுவீர்கள், விரலால் தொட்டுக் காட்டுங்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். தோலுக்கு மேலே, சட்டைக்குள் இருந்தாலும் பூசலாம், முகத்துக்கு வேண்டாம் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைத் தொட்டுக் காட்டினார்கள், நீட்டிய குழாயை நான் இழுத்துக்கொண்டேன். அந்த அக்கா ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா மாற்றலாகிப் போகும் முன்னே அட்டையில் எல்லாவற்றையும் முறையாக எழுதி முடிக்க நினைத்தார். சொட்டு மருந்துக்கு அக்கா வந்த ஒருநாள் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார், களிம்பு கொடுத்த பதிவேட்டோடு. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா நாற்காலியில் இருந்தார். பால் வெட்டுவதை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டைக் காலி செய்து, பாயா ரும்புட்டில் மகன் எடுத்திருந்த வாடகை வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"அம்மா, நான் இதை எழுதி வைக்கணும், இன்னொருத்தருக்கு இப்படி ஆகக் கூடாதுல்ல," என்றார் டாக்டர். "மொகத்துல பூசணும்னு ஒங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா? எதுன்னாலும் உள்ளதச் சொல்லுங்க."

உள்ளதைச் சொல்லுங்கள் என்று சொன்னால் உள்ளதைச் சொல்கிற ஆள் அவர். நான் பதிவேட்டின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதவி உயர்வுக்குப் பெயர் போயிருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அக்கா கழுத்தைத் திருப்பி, மிச்சமிருந்த அந்தக் கண்ணால் அறையில் என்னைத் தேடினார். கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டதும் ஒரு கணம் என்மேல் நிறுத்தினார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"யாரும் சொல்லல டாக்டரம்மா. எனக்காத்தான் தோணுச்சு. மொகம் வெளுக்கும்னு பூசிட்டேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். நோயாளி அழகுக்காக மருந்தைத் தவறாகப் பயன்படுத்தினார். நான் அருகில் நின்று அதைப் படித்தேன். தவறு நேர்ந்தால் நிரப்ப வேண்டிய படிவம் எங்கே இருக்கிறது, எத்தனை நகல், யார் கையெழுத்து, எல்லாம் எனக்குத் தெரியும். அது என் சொந்த இழுப்பறையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. பதவி உயர்வு வந்தது.

சன்னலில் சொட்டு மருந்தை நீட்டினேன். அக்கா பையைக் கீழே வைத்தார், கைகளைக் கோத்துக்கொண்டார். நான் சொன்னேன். திருப்பிச் சொன்னார். நன்றி சொல்ல நினைத்தேன். எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல், "பஸ் இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"நாத்தனா முன்னால போயி நிறுத்தி வச்சிருக்கேன்னு போனா. வாசல மாத்திட்டாங்களாமே தம்பி, எந்தப் பக்கம்?"

கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய வாசலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, நிமிராமல், "வலது பக்கம்க்கா, நேராப் போங்க," என்றேன்.

அது என் வலது. எதிரே நின்ற அவருக்கு அது இடது.

அக்கா தன் வலது பக்கம் திரும்பினார். நேராக நடந்தார். பலகையில் நெற்றி மோதிய சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். கையை முன்னால் நீட்டித் தடவிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் சொல்லியிருந்தேனே.